குப்பென்று பிடிக்காத எண்ணெய்

விடியற்காலைச் சுபஹுத் தொழுகை முடிந்து ஆட்கள் ஒலுவில் துறைமுகத்துக்கு வந்தபோது, மீராமுகைதீனின் டீசல் படகில் எஞ்சின் அறை கரிந்து கிடந்தது. சுல்பிகா பாசியிலிருந்து வடித்த எண்ணெயில் அது முதன்முதலாகக் கடலுக்குப் போக இருந்த நாள். பழி நேரே அவள் தலையில் விழுந்தது.

நிந்தவூரில் உப்புத்தண்ணீர்த் தொட்டிகளில் நுண்பாசி வளர்த்து, எண்ணெயெடுத்து, டீசல் எஞ்சின் ஏற்கும்படி அதைப் பக்குவப்படுத்த அவள் பட்ட பாடு கொஞ்சமல்ல. இன்று பெயர் கெட்டால் இனி எந்தப் படகுக்காரனும் அவளை ஏறெடுத்துப் பார்க்க மாட்டான். தொட்டிகளை மூடிவிடும்படி விசாரிக்க வந்த போலீஸ் இன்ஸ்பெக்டர் அதாவுல்லா தன்மையாகத்தான் சொன்னார். அவளுக்கோ பற்றிக்கொண்டு வந்தது.

தீயைக் கண்ட ஒரே ஆள் இன்பாஸ். சின்னப் படகொன்று வைத்திருப்பவன்; பெரிய படகுகளுக்கு டீசல் கொண்டுவந்து கொடுப்பதும் அவன்தான்.

“எப்பிடிப் பிடிச்சது?” என்று சுல்பிகா அவனிடம் கேட்டாள்.

“அந்தப் படகுல நிண்டு பீடி பத்தவெச்சன். சிந்திக் கிடந்த உங்கட எண்ணெயில குச்சி விழுந்திச்சி. குப்பெண்டு எரிஞ்சிச்சி.”

“நீங்க ஏன் கடலுக்குப் போகல்ல?”

“எஞ்சின் ஸ்டார்ட் ஆகல்ல.”

கரையில் கிடந்த அவன் படகை எட்டிப் பார்த்தாள். மண்ணெண்ணெய்த் தாங்கி நிறைந்திருந்தது. பக்கத்தில் பெற்றோல் போத்தல் வெறுமையாகக் கிடந்தது.

மிஞ்சிய கேனிலிருந்து தன் எண்ணெயைத் தட்டொன்றில் ஊற்றினாள். கூட்டம் பின்வாங்கியது. தீக்குச்சியைக் கிழித்துப் போட்டாள். அணைந்தது. இன்னொன்று போட்டாள். அதுவும் அணைந்தது.

“டீசலே குச்சிக்குச் சட்டெண்டு பிடிக்காது சேர்,” என்றாள் இன்ஸ்பெக்டரிடம். “ இது அதையும் விட மந்தம், நல்லாச் சூடேறினாத்தான் பத்தும். எஞ்சினுக்குள்ள அமுக்கத்தால அந்தச் சூடு வரும். குப்பெண்டு பிடிக்கிறது பெற்றோல்.”

டீசல் படகில் பெற்றோலுக்கு வேலையில்லை. சின்னப் படகுகளோ பெற்றோலில் கிளம்பி, பிறகுதான் மண்ணெண்ணெய்க்கு மாறும். அதற்காக வைத்திருந்த பெற்றோலை இன்பாஸ் கடைசிச் சொட்டுவரை இங்கே ஊற்றித் தீவைத்துவிட்டான், அதனால்தான் அவன் எஞ்சின் கிளம்பவில்லை என்று அவள் சொன்னபோது கரையில் ஒருவருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை.

“டீசல் யாவாரம் நிண்டா நான் என்னத்தச் செய்யிற?” என்றான் இன்பாஸ், தலை கவிழ்ந்து.

அவனை ஜீப்பில் ஏற்றிய இன்ஸ்பெக்டர், வழக்கு முடியும்வரை சுல்பிகாவைப் பொறுக்கச் சொன்னார். முடியாது என்றாள்.

“எந்தப் படகு இப்ப போகுது? அதுல ஊத்துவம். நானும் வாறன்.”

மீராமுகைதீன் தன் மற்றப் படகைக் காட்டினார். பொம்பிளை ஏறுவதா என்று யாரோ முணுமுணுத்தார்கள். சுல்பிகா கேனைத் தூக்கிக்கொண்டு ஏறினாள்.