மூச்சுச் சராசரி

நெட்டுக்கழியில் ஒவ்வொரு நாளும் ஊதுவதில்தான் தொடங்கியது. பல் துலக்குவதற்கும் முன்னால், ஒவ்வொரு வீட்டிலும் வாஷ்பேசின் அருகே ஆட்கள் நின்று, பழுப்புநிற இழுப்பு மருந்துக் குப்பியின் மூடியில் வாயை வைத்து, நெஞ்சில் இருக்கிற காற்றையெல்லாம் ஒரே வீச்சில் வெளியே தள்ளினார்கள். மூடிக்குள் இருந்த மூச்சுமானி அந்த வீச்சை அளந்து, வயதுக்கு இவ்வளவு என்ற கணக்கோடு ஒப்பிட்டு, பெயர் எதுவும் சேர்க்காமல் தெருமுனைக்கு அனுப்பியது. தெருமுனையில் நின்ற உயரமான மூச்சுப்பலகை வந்த ஊதல்களையெல்லாம் கூட்டி வகுத்து ஒரே எண்ணாகக் காட்டியது. எண் பச்சையாக எரிந்தால் காற்று நல்ல காற்று. சிவப்பாக எரிந்தால் கழிமுகத்தில் இருக்கும் மீட்பாலைத் தொழிற்சாலை தன் உலையைத் தணிக்க வேண்டும். சட்டம் அப்படித்தான் சொன்னது.

சிவப்பு எரிந்ததை ஆதிரை பார்த்ததே இல்லை. அவளுக்கு ஒன்பது வயது.

"நல்லாத்தானேம்மா இருக்கேன். இன்னைக்கு ஒரு நாள் வேணாமே."

"நல்லா இருக்குறதே இதனாலதான்டி," என்றாள் பிரகதி. குப்பியைக் குலுக்கி, காற்றுக்குடுவையின் ஒரு முனையில் செருகி, மறுமுனையை மகளின் வாயில் வைத்தாள். ஒரு அழுத்தல். மெல்ல இழுத்து, உள்ளேயே பிடித்துவைத்து, பிறகு விடுவது. அதற்குப் பின் வாய் கொப்பளிப்பது. கொப்பளிக்காவிட்டால் மருந்து நாக்கில் தங்கி வெள்ளை படியும்.

அந்த ஒரு வாக்கியத்தைப் பிரகதி ஊர் முழுக்கச் சொல்லியிருக்கிறாள். அவள் நெட்டுக்கழியின் மூச்சுப் பணியாளர். அவள் வேலைக்குச் சேர்ந்தபோது இங்கே எல்லோர் சட்டைப்பையிலும் நீலக் குப்பிதான் இருந்தது. நீலம் ஒரு நிமிடத்தில் நெஞ்சைத் திறந்துவிடும்; அதனால் அதற்கு மரியாதை. பழுப்பு அப்படி இல்லை. இழுத்தால் ஒன்றும் தெரியாது. மூச்சுக்குழாயின் உள்சுவரில் இருக்கும் வீக்கத்தை அது நாள்கணக்கில், வாரக்கணக்கில், சத்தமில்லாமல் வற்றவைக்கும். வீக்கம் வற்றியதும் ஆட்களுக்கு உடம்பு சரியாகிவிட்டதாகத் தோன்றும். குப்பியைத் தூக்கி அலமாரியில் வைத்துவிடுவார்கள். வீக்கம் திரும்பவும் வரும். அதில் ஸ்டீராய்டு இருக்கிறது என்று கேள்விப்பட்ட ஒரு அம்மா, என் பொண்ணுக்கு மீசை முளைக்குமா என்று கேட்டார். இது நேராக நுரையீரலுக்குப் போகிற சிறிய அளவு, உடம்பு முழுக்கச் சுற்றாது, மீசைக்கெல்லாம் நேரம் இருக்காது என்று பிரகதி சிரிக்காமல் பதில் சொன்னாள்.

பிறகு செல்மா இறந்தாள். எதிர்வீட்டு ரூபனின் மனைவி. கையில் நீலக் குப்பி காலியாகி, வண்டி மருத்துவமனைக்குத் திரும்பும் வளைவில். வீட்டு அலமாரியில் அவளுடைய பழுப்பு, பிரிக்கப்படாத உறையோடு இருந்தது. அதன் பிறகு பிரகதியிடம் யாரும் மறுத்துப் பேசவில்லை. ஊரே காலையில் ஒன்றாக ஊதி, ஒன்றாக இழுத்து, ஒன்றாகக் கொப்பளித்தது. சன்னல்களின் வழியே அந்தக் கொப்பளிப்புச் சத்தம் கேட்கும்போது, பெரிய மிருகம் ஒன்று விழித்து ஆற்றில் தண்ணீர் குடிப்பதுபோல இருக்கிறது என்று ஆதிரை சொல்வாள்.

மூச்சுப்பலகைச் சட்டம் வந்த நாளில் பிரகதி மகிழ்ச்சியில் அழுதிருந்தாள். அதுவரை கம்பங்களில் தொங்கிய பெட்டிகள்தான் காற்றை அளந்தன. பெட்டி சாலைக்குப் பக்கத்தில் இருக்கிறது, மீன் வறுக்கிற கடைக்குப் பக்கத்தில் இருக்கிறது என்று பழைய மின்கலங்களை உருக்கி உலோகம் எடுக்கும் மீட்பாலை ஒவ்வொரு வழக்கிலும் தப்பித்தது. கடைசியில் அரசு, பெட்டிகளை நம்ப வேண்டாம், மனிதர்களை நம்புவோம் என்றது. காற்று நல்லதா கெட்டதா என்று அதைச் சுவாசிக்கிறவர்களின் நெஞ்சே சொல்லட்டும். இதைவிட நியாயமான அளவுகோல் இருக்க முடியாது என்று பிரகதி நினைத்தாள்.

சமுதாயக் கூடத்தில் நடந்த கருத்துக்கேட்புக் கூட்டத்தில் அவளை மேடைக்கு அழைத்தார்கள். காற்று வாரியத்தின் மாவட்ட அதிகாரி கௌசிக் அவளுக்குப் பொன்னாடை போர்த்தினார். மாவட்டத்திலேயே உயர்ந்த மூச்சுச் சராசரி நெட்டுக்கழியுடையது, அதற்குக் காரணம் இவருடைய அயராத உழைப்பு என்றார். கூட்டம் கைதட்டியது. அதே மூச்சில், இவ்வளவு நல்ல காற்று உள்ள இடத்தில் இன்னொரு உலைக்கு இடமிருக்கிறது என்று மீட்பாலை விண்ணப்பித்திருப்பதாகவும், மாத இறுதியில் சராசரியைப் பார்த்து ஆணை வரும் என்றும் படித்தார்.

பிரகதி பொன்னாடையோடு மேடையிலேயே நின்றாள். அதை எடுப்பதா வேண்டாமா என்று அவளுக்குத் தெரியவில்லை.

வீட்டுக்கு நடக்கும்போது ரூபன் பக்கத்தில் வந்தான். ஐம்பது வயது, கழியில் படகு ஓட்டுகிறவன். கேலி இல்லாமல் அவனுக்குப் பேச வராது. "சால்வை நல்லா இருக்கு பிரகதி. அடுத்த தடவை உலைக்கும் ஒண்ணு போர்த்துவாங்க." கொஞ்ச தூரம் போன பிறகு, கேலி இல்லாமல் சொன்னான்: "தினமும் காலையில எழுந்து நாமளே உலைக்கு ஓட்டுப் போட்டிருக்கோம்."

அவன் சொன்னது அன்று மாலைக்குள் எல்லா வீடுகளுக்கும் போய்விட்டது. காற்று நல்லதாக இல்லை. மருந்துதான் நல்லதாக இருந்தது. பழுப்பை நிறுத்தினால் நெஞ்சு உண்மையைச் சொல்லும். பலகை சிவக்கும். பெரியவர்கள் மட்டும் நிறுத்துவது, நீலத்தைக் கையிலேயே வைத்துக்கொள்வது, குழந்தைகளைத் தொடுவதில்லை என்று முடிவானது. பிரகதி வீடு வீடாகப் போய் வேண்டாம் என்று கெஞ்சினாள். முன்பு எடுத்துக்கொள்ளுங்கள் என்று கெஞ்சிய அதே வாசல்கள். யாரும் சண்டை போடவில்லை. உட்காரச் சொல்லி டீ கொடுத்தார்கள். டீ குடித்து முடிக்கும்வரை அவள் முகத்தையே பார்த்தார்கள்.

கடைசியாக அவளும் நிறுத்தினாள். அவளுக்கும் சிறு வயதிலிருந்தே இழுப்பு உண்டு.

முதலில் ஒன்றும் ஆகவில்லை. மருந்தின் பழைய வேலை உடம்பில் மிச்சமிருந்தது. பிறகு படிக்கட்டுகள் நீளமாயின. மதிய வேளையில் தெருவில் இருமல் கேட்டது. சிலர் உட்கார்ந்தபடியே தூங்கப் பழகினார்கள். பிரகதி காலையிலேயே நீலக் குப்பிகளைப் பையில் போட்டுக்கொண்டு ஓடவேண்டியிருந்தது. ஆதிரையிடம், நீயே ஊதி நீயே இழுத்துக்கோ, பெரிய பொண்ணுதானே, என்று சொல்லிவிட்டுப் போனாள். மூச்சிரைக்க நிற்கும் ஆட்கள் எல்லோரும் பேச்சின் நடுவே தெருமுனையைத்தான் பார்த்தார்கள்.

பலகை பச்சையாகவே எரிந்தது. அதுகூடப் பரவாயில்லை. எண் முன்பைவிட ஏறியிருந்தது.

பிரகதியும் ரூபனும் வாரியத்தின் அலுவலகத்துக்குப் போனார்கள். கௌசிக் கெட்டவர் இல்லை. இருவரின் மூச்சைக் கேட்டதுமே நாற்காலியை இழுத்துப் போட்டு, தண்ணீர் கொடுத்தார். அவருடைய மேசையிலும் ஒரு பழுப்பு நின்றது. அவர் குடியிருப்பு கழிக்கு அந்தப் பக்கம்தான். மூச்சுமானிக்குக் குப்பி அழுத்தப்பட்டதா என்பதும் தெரியும் என்றார். அழுத்தாதவர்களின் ஊதல் வந்து சேரும், ஆனால் கூட்டப்படாது.

"மருந்தை விட்டவங்க மூச்சு காற்றைப் பத்தி எதுவும் சொல்லாது மேடம். அவங்களைப் பத்தித்தான் சொல்லும். நீங்களே எத்தனை கூட்டத்துல பேசியிருக்கீங்க, மருந்தை அலமாரில வெச்சுட்டுக் காத்தைத் திட்டாதீங்கன்னு."

பேசியிருந்தாள். பெரியவர்கள் விலகிக்கொண்டதும் ஒழுங்காக மருந்தெடுக்கும் பிள்ளைகளின் இளம் நெஞ்சுகள் மட்டுமே கணக்கில் மிஞ்சியிருந்தன. அதனால்தான் எண் ஏறியது.

"மருந்து எடுத்தும் மூச்சு குறைஞ்சா?" என்று ரூபன் கேட்டான்.

"அப்ப மருந்து பத்தலைன்னு அர்த்தம். ஒரு படி ஏத்துவோம். அது பிடிச்சதும் திரும்ப எண்ணுவோம்."

"செத்துட்டா?"

ரூபனே தலையாட்டிக்கொண்டான். "செத்தவன் ஊத மாட்டான். சரிதான்."

இந்த விதியை யார் எழுதியது என்று பிரகதி கேட்டாள். எல்லோரும் சேர்ந்துதான் என்றார் கௌசிக். மருத்துவர்கள், புள்ளியியல் அறிஞர்கள், எல்லோரும். தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொரு வரியும் சரியானது. அவருக்கும் இதில் எந்த வழியும் தெரியவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. அவர்கள் எழுந்தபோது, தயவுசெய்து நாளையிலிருந்து இருவரும் மருந்தெடுங்கள் என்று சொன்னார். அதை அவர் உண்மையாகவே சொன்னார்.

அதற்கு அடுத்த வார ஞாயிற்றுக்கிழமை மதியம் ஆதிரை மாடியில் காயப்போட்ட துணிகளை எடுக்கப் போனவள் திரும்பி வரவில்லை. பிரகதி படியேறினாள். பாதியில் நின்று, கைப்பிடியைப் பிடித்து, தன் மூச்சுக்காகக் காத்திருந்து, மறுபடி ஏறினாள். ஆதிரை தண்ணீர்த் தொட்டியில் சாய்ந்து, முழங்கால்களில் கை ஊன்றி, தோள்கள் மேலேற நின்றிருந்தாள். ஒவ்வொரு இழுப்புக்கும் கழுத்துக் குழி உள்ளே போனது. அம்மா என்கிற சொல்கூட முழுதாக வரவில்லை.

நீலத்தைக் குடுவையில் செருகி ஒன்று, கொஞ்சம் விட்டு இன்னொன்று, இன்னொன்று. துணிகள் கொடியில் படபடத்தன. மீட்பாலையின் புகை எந்த அவசரமும் இல்லாமல் கடல்பக்கம் போய்க்கொண்டிருந்தது. மெல்ல மெல்ல மகளின் தோள்கள் இறங்கின. உதட்டில் நிறம் திரும்பியது.

கீழே வந்து ஆதிரையின் பழுப்பை எடுத்துப் பார்த்தாள். அதன் எண்காட்டியின்படி ஒரு நாள்கூடத் தவறாமல் அழுத்தப்பட்டிருந்தது.

"தினமும் எடுத்தியா?"

"அழுத்தினேன்." ஆதிரை நிறுத்தி மூச்சு வாங்கினாள். "உள்ள இழுக்கல. சன்னல் பக்கம் அடிச்சேன்."

"ஏன்டி?"

"உங்களையெல்லாம் எண்ண மாட்டாங்களாமே. ரூபன் மாமா சொன்னாரு. எங்களைத்தானே எண்ணுறாங்க."

பிரகதி அவளை அடிக்கவில்லை, அணைக்கவும் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்தாள். அம்மாவும் மகளும் ஒரே தாளத்தில் மூச்சிரைத்தார்கள்.

செய்தி கேட்டு ரூபன் வந்தான். வாசலில் நின்றபடியே முழுவதையும் கேட்டான். அவன் கண்ணில் ஏதோ எரியத் தொடங்குவதைப் பிரகதி பார்த்தாள். அவன் வாயைத் திறப்பதற்கு முன்பே அது என்னவென்று அவளுக்குத் தெரிந்தது, ஏனென்றால் அவளுக்கும் அது தோன்றியிருந்தது. இயந்திரத்துக்கு அழுத்தியது தெரியும், இழுத்தது தெரியாது.

"எல்லாரும் இவளை மாதிரி செஞ்சா?" என்றான். "மருந்தை ஏத்துறதுக்குள்ள பலகை சிவந்துடும். ஒரே வாரம் சிவந்தாப் போதும், ஆணை நிக்கும்."

"குழந்தைங்களையும் சேர்த்துச் செஞ்சாத்தான் அந்த அளவுக்கு இறங்கும்ணே."

அவன் கதவுநிலையில் சாய்ந்தான்.

"செய்யலாம். எனக்கும் ஆசையாத்தான் இருக்கு. செல்மா அக்கா மாதிரி முதல்ல யாரு போவாங்கன்னு மட்டும் சொல்லுங்க. அந்த வீட்டுல போய்க் கேட்டுட்டு ஆரம்பிக்கலாம்."

ரூபன் உள்ளே கட்டிலில் படுத்திருந்த ஆதிரையைப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான். அவனுடைய நெஞ்சு விசில் போலச் சத்தமிட்டுக்கொண்டிருந்தது. பிறகு பிரகதியின் பையை நோக்கிக் கையை நீட்டினான்.

"என் பழுப்பைக் கழியில வீசிட்டேன். புதுசா ஒண்ணு குடு."

மாத இறுதியில் ஆணை வந்தது. சில வாரங்களில் இரண்டாவது உலையைப் பற்றவைத்தார்கள். ஆதிரையின் மருந்து ஒரு படி ஏற்றப்பட்டது. புதிய குப்பியை ஒரு ட்ரோன் காலையில் சன்னல் விளிம்பில் வைத்துவிட்டுப் போனது. அதன் அடியில் மீட்பாலையின் சின்னமும், அன்பளிப்பு என்ற சொல்லும் இருந்தன. மருந்து நல்ல மருந்து. ஆதிரை மறுபடியும் மாடிப்படிகளில் ஓடினாள். இரவில் அவள் தூங்கும்போது பிரகதி காதை வைத்துக் கேட்டாள். உள்ளே எந்தச் சத்தமும் இல்லை.

ஒரு நாள் காலை ஆதிரை மூடியில் வாய் வைத்து ஊதினாள். தன் வாழ்நாளிலேயே பலமான ஊதல். சன்னலுக்கு வெளியே, இரண்டு புகைகளுக்கு நடுவே மங்கலாகத் தெரிந்த பலகையில் எண் ஒன்று கூடியது. பச்சை.

பிரகதி குப்பியைக் குலுக்கினாள். குடுவையை மகளின் வாயில் வைத்து அழுத்தினாள். இப்போதெல்லாம் அவள் எங்கும் போவதில்லை; உள்ளே இழுக்கும்வரை நின்று பார்க்கிறாள். ஆதிரை மிகச் சரியாக, மெல்ல, முழுதாக இழுத்தாள். பிரகதி விரல்களை மடக்கி எண்ணினாள். பத்தாவது விரல் மடங்கியதும் ஆதிரை மூச்சை விட்டுவிட்டு, கண்ணாடியில் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

"இப்ப நாம உலைக்கு ஓட்டுப் போட்டுட்டோமாம்மா?"

தெரு முழுக்கக் கொப்பளிக்கும் சத்தம் எழுந்தது.

"வாயைக் கொப்பளிச்சுத் துப்பு," என்றாள் பிரகதி.