வெள்ளிக்கிழமைக் கையெழுத்து

டெலிபோன் அலறியபோது காலை மணி பதினொன்று இருபது.

எடுத்தவள் அந்தத் தொழிற்சாலையின் மனிதவள அதிகாரி. முகத்துக்கு நேரே எல்லோருக்கும் 'மேடம்'. முதுகுக்குப் பின்னால் 'ஃபைல் அக்கா'. அது அவளுக்கும் தெரியும்.

"மேடம்... நாலாம் நம்பர் டேங்க்ல ஒருத்தர் விழுந்து கிடக்காரு." ஷிப்ட் சூப்பர்வைசரின் குரல்.

"மூச்சு இருக்கா?"

"தெரியல மேடம். சீக்கிரம் வாங்க."

அவள் ஓடினாள். டேங்குக்கு வெளியே, சிமென்ட் தரையில் அவனைக் கிடத்தியிருந்தார்கள். டேங்க் கழுவும் தொழிலாளி. ஆறு மாதத்துக்கு முன்னால் அவளே நேர்முகத் தேர்வு வைத்து எடுத்த ஆள். மூக்குக் கண்ணாடி நெற்றிக்கு ஏறியிருந்தது. உடம்பில் ஒரு கீறல் கூட இல்லை!

உள்ளே நைட்ரஜன் வாயு நிறைந்திருந்ததாம். வாசனை கிடையாது. நிறம் கிடையாது. மூச்சுக்கு வேண்டிய காற்று மட்டும் உள்ளே இல்லை. இறங்கியவன் இரண்டு நிமிடம் தாங்கியிருந்தால் அதிகம் என்றார் கம்பெனி டாக்டர்.

பன்னிரண்டு மணிக்கு போலீஸ் இன்ஸ்பெக்டர் அவள் அறையில் உட்கார்ந்திருந்தார். செத்தவனின் ஃபைலை விரித்து வைத்துக்கொண்டு, ஒரே ஒரு தாளை விரலால் தட்டினார்.

'மூடிய தொட்டிக்குள் இறங்கும் பாதுகாப்புப் பயிற்சி. இரண்டு நாள். தேர்ச்சி.'

கீழே இரண்டு கையெழுத்துகள். ஒன்று பயிற்சிப் பிரிவுத் தலைவருடையது. இன்னொன்று... அவளுடையது.

"காத்தைச் சோதிக்காம இறங்கக் கூடாதுன்னு பயிற்சியில சொல்லித் தருவீங்க இல்ல?"

"முதல் பாடமே அதுதான் சார்."

"அப்புறம் ஏன் இறங்கினாரு?"

இன்ஸ்பெக்டர் நிதானமாக எழுந்தார். பயிற்சி நடந்தது நிஜமென்றால் இது விபத்து, பொய்யென்றால் கையெழுத்துப் போட்டவர்கள் கம்பி எண்ண வேண்டியதுதான் என்றார். அசல் வருகைத்தாள் சாயந்திரத்துக்குள் தன் கைக்கு வர வேண்டும் என்று சொல்லிவிட்டு, டேங்கைப் பார்க்கப் போய்விட்டார்.



அந்தக் கம்பெனியின் ஏற்பாடு இதுதான். ஆளை எடுப்பது அவள். எடுத்த ஆளைத் தேற்றி வேலைக்கு லாயக்காக்குவது பயிற்சிப் பிரிவு. அவள் கையெழுத்து இல்லாமல் எந்தப் பயிற்சியும் செல்லாது. பயிற்சித் தலைவர் கையெழுத்து இல்லாமல் யாருக்கும் பதவி உயர்வு கிடையாது. ஒரு பூட்டுக்கு இரண்டு சாவி. காகிதத்தில் படித்தால் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம்!

நடைமுறை?

வெள்ளிக்கிழமைதோறும் நாலு மணிக்குப் பயிற்சித் தலைவர் ஒரு கட்டு ஃபைலோடு அவள் அறைக்கு வருவார். எல்லோரும் அவரை 'வாத்தியார்' என்பார்கள். அவர் கட்டில் அவள் கையெழுத்துப் போடுவாள். அவள் கட்டில் அவர் போடுவார். யாரும் எதையும் படிப்பதில்லை. நடுவில் டீ வரும், யாருடைய மருமகளைப் பற்றியாவது பேச்சு வரும், இருபது நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். எட்டு வருஷமாக இப்படித்தான்.

போன் மறுபடி அடித்தது. ஒரு பெண் குரல். செத்தவனின் மனைவி.

அழுகைக்கு நடுவே, என் புருஷனுக்கு அந்த வேலையை யார் கொடுத்தது என்று கேட்டாள். பயிற்சி எடுத்தவர்தானேம்மா என்று இவள் தேதியைச் சொன்னதும் எதிர்முனையில் அழுகை நின்றது.

"அந்தத் தேதிதான் என் புள்ளை பிறந்த நாள். அவரு ரெண்டு நாளும் ஆஸ்பத்திரியில என் பக்கத்துலயே இருந்தாரு. எங்கேயும் போகலீங்க."

ரிசீவரை வைத்துவிட்டு எழுந்தாள்.

அவள் அறையில் இரண்டு பீரோக்கள். ஒன்றில் விடுப்பு விண்ணப்பங்கள், மற்றதில் பயிற்சிச் சான்றிதழ்கள். இத்தனை வருஷத்தில் அதையும் இதையும் அவள் பக்கத்தில் வைத்துப் பார்த்ததே இல்லை. இப்போது பார்த்தாள்.

விடுப்பு விண்ணப்பம். காரணம்: மனைவிக்குப் பிரசவம். அதே இரண்டு தேதிகள். அனுமதித்துக் கையெழுத்திட்டவள் அவளே!

செய்யக் கூடாத ஒன்றை அப்போது அவள் செய்தாள். இன்ஸ்பெக்டரைத் தேடிப் போகாமல் இன்டர்காமில் வாத்தியாரைக் கூப்பிட்டு, விடுப்புத் தாளைப் பற்றிச் சொன்னாள். எட்டு வருஷப் பழக்கம், வேறென்ன!

வாத்தியார் பதறவே இல்லை. எங்கேயோ தேதி மாறியிருக்கும், அசல் தாள்கள் பயிற்சிக் கூடத்தில் இருக்கின்றன, வந்தால் சேர்ந்து தேடிவிடலாம் என்றார்.

"அந்த விடுப்புத் தாளையும் கையோட எடுத்துட்டு வாங்க. யார்கிட்டயும் சொல்லிட்டிருக்காதீங்க."

போனாள்.

பயிற்சிக் கூடம் தொழிற்சாலையின் கடைசிக் கட்டடம். ஈ, காக்கை இல்லை. நடுவில் இரும்பில் ஒரு மாதிரி டேங்க், அதன் பக்கவாட்டில் ஆள் நுழையும் வட்டக் கதவு. தொழிலாளிகள் இறங்கிப் பழகுவதற்காக வாங்கியது. உள்ளே எட்டிப் பார்த்தாள்.

டேங்க் முழுக்க அட்டைப்பெட்டிகள். பழைய ஃபைல்கள். பெட்டிகளின் மேல் தூசு விரல் கனத்துக்குப் படிந்திருந்தது. இங்கே யாரும் எந்தக் காலத்திலும் பழகவில்லை!

அது மண்டைக்கு எட்டுவதற்குள் முதுகில் ஒரு தள்ளு.

முழங்கால் இரும்பில் மோதியது. கதவு மூடிக்கொண்டது. வெளியே போல்ட் முறுக்கும் சத்தம். கும்மிருட்டு.

"வாத்தியாரே... கதவைத் திறங்க. விளையாடாதீங்க."

"நான் என்ன மேடம் பண்ணட்டும்?" இரும்புக்கு வெளியே அவர் குரல் அழாத குறையாக வந்தது. "வகுப்புக்கு ஆளைக் கேட்டா உற்பத்திப் பிரிவு விட மாட்டேங்குது. மேலேயோ நூறு சதவீதம் காட்டுன்னு கழுத்துல உக்காந்திருக்காங்க. எழுதி வெச்சேன். எத்தனை பேருக்குன்னு எனக்கே தெரியாது."

"போலீஸ்கிட்ட சேர்ந்தே போய்ச் சொல்லிடலாம். நானும் வர்றேன்."

"நீங்க ஏற்கெனவே சொல்லிட்டீங்க மேடம். எல்லாச் சான்றிதழும் நான்தான் பொய்யாத் தயார் பண்ணேன், ஒரு உயிர் போயிடுச்சு, மனசு தாங்கல, நானும் போறேன்னு எழுதியிருக்கீங்க. கீழே உங்க கையெழுத்து."

"நான் எதுலயும் போடலையே..."

"எதுக்கும் இருக்கட்டும்னு ஒரு வெள்ளிக்கிழமை கட்டுக்கு நடுவுல வெள்ளைத்தாள் வெச்சிருந்தேன். அதுலயும் போட்டீங்க."

இரும்பை அறைந்தாள். கத்தினாள். கதவின் விளிம்பை நகத்தால் பிறாண்டினாள். வெளியே ஏதோ குழாய் மாட்டும் சத்தம் கேட்டது. அப்புறம் காலடியில் எங்கிருந்தோ...

உஸ்ஸ்ஸ்...

சில்லென்று பாதத்தில் பட்டது!

இரண்டு நிமிடம். டாக்டர் சொன்ன கணக்கு ஞாபகம் வந்தது. மூச்சைப் பிடித்தாள். எவ்வளவு நேரம் பிடிப்பது? நெஞ்சு வெடித்தது. வாயைப் பிளந்து இழுத்தாள். செத்தோம் என்று நினைத்தாள். பள்ளிக்கூடத்தில் இருக்கும் மகள் நினைவுக்கு வந்தாள். மூன்றரைக்கு வாசலில் நின்று அம்மாவைத் தேடுவாள். கண்ணீர் பொங்கியது. பயம், பயம், உடம்பெல்லாம் பயம்!

ஒரு நிமிடம் போயிற்று. அப்புறம் இன்னொன்று. ஐந்தாவதும் போயிற்று.

தலை சுற்றவில்லை. கண் இருட்டவில்லை. ஏன் என்று புரியவில்லை, ஆனால் சாகவில்லை என்பது மட்டும் புரிந்தது. விடுப்புத் தாள் இன்னும் அவள் பிடியில்தான் இருந்தது. அதை எடுக்க அவர் வந்தே தீர வேண்டும்! பெட்டிகளின் மேல் சரிந்து, பிணமாகக் கிடந்தாள்.

எவ்வளவு நேரமோ. உஸ் சத்தம் நின்றது. போல்ட் கழன்றது. வெளிச்சம் உள்ளே விழுந்தது. ஒரு கை நீண்டு, அவள் விரல்களிலிருந்து தாளை உருவப் பார்த்தது.

அவள் அந்த மணிக்கட்டைக் கடித்தாள். பல் இறங்கும் வரை கடித்தாள்.

வாத்தியார் போட்ட அலறல் கட்டடத்தையே உலுக்கியது. மேடம் பயிற்சிக் கூடத்துக்குப் போனார் என்று டைப்பிஸ்ட் சொன்னதைக் கேட்டு அந்தப் பக்கமாக வந்துகொண்டிருந்த இன்ஸ்பெக்டர், அந்த அலறலுக்கு ஓடி வந்தார்.

பத்து நிமிடத்தில் வாத்தியார் கையில் விலங்கு. அவர் சட்டைப் பையில் அவளுடைய 'கடைசிக் கடிதம்'. அவள் தரையில் உட்கார்ந்திருந்தாள். யாரோ தண்ணீர் கொடுத்தார்கள். பாதி கொட்டியது.

"இவ்வளவு நேரம் நைட்ரஜன்ல கிடந்து எப்படிம்மா பொழைச்சீங்க?" என்றார் இன்ஸ்பெக்டர்.

பதில் சொன்னது கம்பெனியின் தீயணைப்புக்காரர். குழாய் மாட்டியிருந்த சிலிண்டரைக் குனிந்து பார்த்தவர் நிமிர்ந்தார்.

"இது நைட்ரஜனே இல்ல சார். மூச்சுக் காத்து. முகமூடிக்கு வைக்கிறது. நைட்ரஜன் இதோ, பக்கத்துல இருக்கு. சிலிண்டர் கழுத்துப் பட்டை நிறத்தைப் பார்த்தாலே தெரியும், பயிற்சி எடுத்த யாருக்கும் தெரியும்."

அவளைக் கொல்லத் திறந்துவிட்ட குழாய், அவளுக்கு மூச்சு கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறது!

இன்ஸ்பெக்டர் வாத்தியாரைத் திரும்பிப் பார்த்தார். "பயிற்சித் தலைவருக்கே இது தெரியாதா?"

அவள்தான் வாய் திறந்தாள்.

"இந்த வகுப்பை எடுக்க அவரும் ஒரு பயிற்சி முடிக்கணும் சார். வெளியூர்ல, அஞ்சு நாள். அவரு போகல. போய் வந்ததா சான்றிதழ் மட்டும் கட்டுல வெச்சாரு." நிறுத்தினாள். "நான்தான் கையெழுத்துப் போட்டேன். வெள்ளிக்கிழமை."

ஒருவனைக் கொன்ற அதே பழக்கம் தன்னைக் காப்பாற்றியிருக்கிறது என்று நினைத்தபோது அவளுக்கு உயிரோடிருப்பதே வெட்கமாக இருந்தது. மூன்றரைக்கு மகளை அழைத்து வரும்படி தன் அக்காவுக்குப் போனில் சொல்லிவிட்டு, ஸ்டேஷனுக்கு வரத் தானே எழுந்தாள். எல்லாக் கையெழுத்தையும் ஒப்புக்கொள்வதாகச் சொன்னாள். இன்ஸ்பெக்டர் தலையசைத்தார்.

வெளியே வாத்தியாரை வேனில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

"உள்ளே போயும் கைதிங்களுக்கு வகுப்பு எடுப்பாரு போல," என்றார் இன்ஸ்பெக்டர்.

"எடுக்கட்டும் சார்," என்றாள் அவள், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "அங்கே வருகையை வாத்தியார் எழுத மாட்டாரு... தலையை எண்ணித்தான் எழுதுவாங்க!"