முதுகு காட்டி நின்றவள்

திருப்பி வைத்த படத்தின் பின்புறம் ஈரமாக இருந்தது.

கொலெட்டா முதலில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கெண்ட் நகரத்தில், கால்வாயை ஒட்டிய வீடுகளில், நவம்பர் பிறந்துவிட்டால் ஈரமில்லாத பொருள் என்று எதுவும் கிடையாது. விறகு ஈரம், ரொட்டி ஈரம், போர்வை ஈரம். பாதிரியாரின் பிரசங்கம்கூடக் கொஞ்சம் நசநசத்துத்தான் வரும். ஆனால் இந்த ஈரம் துணியின் நடுவில், ஒரு நாணயத்தின் அளவுக்கு, வட்டமாக இருந்தது. கிட்டே போய்ப் பார்த்தாள். ஆளிவிதை எண்ணெய் வாசனை அடித்தது. அந்த வீட்டில் எண்ணெய்ச் சாயம் குழைத்து வருஷங்கள் ஆகிவிட்டன. குழைத்தவர், அவளுடைய அண்ணன் லீவன், அவளுக்குப் பின்னால் முன்னறைக் கட்டிலில், மார்மேல் ஜெபமாலையுடன், முந்தின நாளிலிருந்து செத்துக் கிடந்தார்.

அந்தத் தெருவில் சாவு விழுந்தால் முன்னின்று எல்லாம் செய்பவள் எதிர்வீட்டு சிதோனி. சிறுவயதில் கொலெட்டாவோடு ஒன்றாகக் கோயிலில் முதன்முதலாகப் புதுநன்மை வாங்கியவள். வந்ததும் வாசலுக்கு முன் தெருவில் வைக்கோலைச் சிலுவையாகப் போட்டாள். ஜன்னல்களை அடைத்தாள். கடிகாரத்தை நிறுத்தினாள். கண்ணாடிக்குக் கறுப்புத் துணி போர்த்தினாள். பிறகு படங்களைச் சுவர்ப்பக்கம் திருப்பினாள். போகிற உயிர் ஏதாவது ஒரு முகத்தைப் பார்த்து அங்கேயே தங்கிவிடக் கூடாதாம். அடக்கம் முடியும்வரை திருப்பியதைத் தொடக் கூடாது. இறந்தவரைத் தனியே விடக் கூடாது. பக்கத்தில் இருப்பவர் தூங்கக் கூடாது.

திரு இருதயப் படத்தையும் அப்பா அம்மா புகைப்படத்தையும் சிதோனி ஒற்றைக் கையால் திருப்பிவிட்டாள். லீவன் வரைந்த பெரிய படத்துக்குப் புருஷனைக் கூப்பிட வேண்டியதாயிற்று. புருஷன் டோமியன், கோயிலில் ஆர்கன் வாசிப்பவர்; காலைப் பூசைக்கே ஜின் மதுவின் வாசனையோடு வந்து, பூசை முடியும்போது அதைக் கொஞ்சம் அதிகமாக்கிக்கொண்டு போகிறவர்.

"ஒரு சந்தேகம்," என்றார், சட்டத்தின் ஒரு முனையைத் தூக்கிக்கொண்டு.

"தூக்கற நேரத்துலதான் உங்களுக்குச் சந்தேகம் வரும்," என்றாள் சிதோனி.

"இவ முதுகக் காட்டிட்டு நிக்கிறா. இவளச் சுவத்துப் பக்கம் திருப்பினா, மூஞ்சி எந்தப் பக்கம் வரும்?"

சிதோனி கொஞ்சம் யோசித்தாள். "வாய மூடிட்டுத் தூக்குங்க."

கொலெட்டா சிரித்துவிட்டாள். பிணம் கிடக்கும் அறையில் சிரிக்கக் கூடாதுதான். ஆனால் சிரிப்பு எப்படி இருக்கும் என்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது. வந்த பிறகுதான் அது சிரிப்பு என்று தெரிந்தது.

படத்தில் ஒரு பெண். சாம்பல் நிற அங்கி, தலையை மூடிய துணி. கல்படிகளின் உச்சியில், நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறாள். கையில் ஏற்றாத விளக்கு. காலடியில் தண்டு முறிந்த லில்லிப் பூ. இரண்டு பக்கமும் கறுத்த தண்ணீர். அவளுக்கு எதிரே, குறுகலான ஒரு கதவு பாதி திறந்திருக்கிறது. உள்ளே இருட்டு.

அந்தப் பெண்ணுக்கு மாதிரியாகக் குளிர்காலம் குளிர்காலமாக நின்றவள் கொலெட்டாதான். ஸ்டூடியோவின் கல்தரையில், விளக்கைப் பிடித்துக்கொண்டு, கால் மரத்துப்போகும்வரை நிற்பாள். கொஞ்சம் நிமிர்ந்தால் போதும், பின்னாலிருந்து லீவனின் குரல் வரும்: "நிமிராத. களைப்பு போயிடும்." களைப்பு போகவில்லை. அது படத்துக்குள்ளும் போயிற்று, அவளுக்குள்ளும் தங்கிற்று.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்கள் வந்து படத்தின் முன் நின்று தாடையைத் தடவுவார்கள். பாதிரியார், அது ஆன்மா என்றார். மணவாளனாகிய கடவுள் உள்ளே காத்திருக்கிறார், கதவுக்குள் இருப்பது நித்திய இளைப்பாற்றி. பிரஸ்ஸல்ஸிலிருந்து சாம்பல் நிறக் கையுறை போட்ட ஒருவர் வந்தார். விளக்கு அறிவு, லில்லி தொலைந்த தூய்மை, கதவு மரணம் என்று சொல்லிவிட்டு, மூன்றையும் சேர்த்து ஜீரணிப்பதுபோலத் திராட்சை ரொட்டியில் பாதியைத் தின்றுவிட்டுப் போனார். டோமியனையும் கேட்டார்கள். டோமியன் தலையைச் சாய்த்து வெகுநேரம் பார்த்தார்.

"பாவம், கக்கூஸ் வாசல்ல நிக்கிறா. உள்ள ஆள் இருக்கு."

அடுத்த ஈஸ்டர்வரை லீவன் அவரோடு பேசவில்லை.

கொலெட்டாவும் ஒருதரம் கேட்டாள். "இவளுக்கு மூஞ்சியே வரையலையே, லீவன்?"

"வரைஞ்சாச்சு," என்றார் தூரிகையைத் துடைத்துக்கொண்டே. "அந்தப் பக்கம் இருக்கு."

அண்ணன் வாழ்நாளில் சொன்ன ஒரே வேடிக்கை அது என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

அப்புறம் நெஞ்சுச்சளி வந்து லீவன் படுத்தார். படுத்தவர் எழுந்திருக்கவே இல்லை. கட்டில் பக்கத்தில் ஒரு பித்தளை மணி வைத்துக்கொண்டார். முதலில் இரண்டு இருமல், பிறகு மணி. கஞ்சிக்கு மணி, தலையணைக்கு மணி, ஜன்னலைத் திறக்க மணி, திறந்ததை மூட மணி. கொலெட்டா கண்ணை மூடுவதற்கும் அந்த மணிக்கும் ஏதோ உடன்படிக்கை இருந்தது. அந்த வருஷங்களில் அவள் ஒரு முழுத் தூக்கம் தூங்கியதில்லை. பிளாங்கன்பெர்க்கில், கடற்கரையில், சிநேகிதி ரொசாலி தங்கும் விடுதி நடத்துகிறாள். மாடியில் ஒரு அறை வைத்திருக்கிறேன், வந்து படு, நீயாக எழும்வரை யாரும் கதவைத் தட்டமாட்டார்கள் என்று சொல்லியிருந்தாள். பெட்டி கட்டித் தயாராக இருந்தது. நாளை அடக்கம். அதற்கு மறுநாள் ரயில். கொலெட்டாவுக்குக் கடல் வேண்டாம், காற்று வேண்டாம். அந்த மாடியறைக் கட்டில் ஒன்று போதும்.

"நான் போய் காபி போட்டு எடுத்துட்டு வரேன்," என்றாள் சிதோனி, போர்வையைத் தோளில் இழுத்துக்கொண்டு. "அதுவரைக்கும் கண்ண மூடிராதடி."

"மூடினா?"

"மூடினா செத்தவங்க துணைக்குக் கூட்டிட்டுப் போயிடுவாங்கன்னு எங்க மாமியார் சொல்லும். அது என்னென்னமோ சொல்லும். நீ மூடாத, அவ்வளவுதான்."

கதவு சாத்தியது. அப்போதுதான் கொலெட்டா அந்த ஈரத்தைப் பார்த்தாள்.

வெளியே இன்னும் சாயங்காலம்தான். ஆனால் அடைத்த ஜன்னல்களுக்குள் நேரம் என்று ஒன்று இல்லை. மெழுகுவர்த்திகள் தலைமாட்டில் இரண்டு, கால்மாட்டில் இரண்டு, திரி நனைந்ததுபோல் சிடுசிடுத்து எரிந்தன. வைக்கோல்மேல் ஏறிய வண்டிச் சக்கரம் சத்தம் போடாமல் நழுவிப் போயிற்று. உருகிய மெழுகின் மணத்துக்கும் லீவனின் கற்பூர மருந்து நெடிக்கும் நடுவே, புதிதாகக் குழைத்த சாயத்தின் வாசனை, அடுத்த அறையில் யாரோ வேலை செய்துகொண்டிருப்பதுபோல, நிதானமாக வந்துகொண்டிருந்தது. அவள் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். இமை கனத்தது. விரலைக் கடித்துக்கொண்டாள். மறுபடி படத்தைப் பார்த்தபோது ஈரம் ஒரு சாசர் அளவுக்கு வந்திருந்தது.

கண் கட்டுகிறது, என்று நினைத்தாள். தூங்காதவர்களுக்குச் சுவர்கூட மூச்சு விடும்.

ஈரம் பரவியது. காய்ந்த துணியில் எண்ணெய் ஊறுவதுபோலத்தான் பரவியது, அவசரமே இல்லாமல். ஆனால் ஓரங்கள் வட்டமாக நிற்கவில்லை. மேலே அகன்றது, கீழே குறுகியது, மோவாய்போல. மேற்பகுதியில் இரண்டு இடம் மட்டும் ஊறாமல் வெளுப்பாக நின்றன. படச்சட்டத்தின் குறுக்குக் கட்டைகள் அதற்கு முன்னால், ஜன்னல் கம்பிபோல.

எழுந்து போய் விரலால் தொட்டாள். எண்ணெய் சில்லென்று இருக்கும் என்று நினைத்தாள்.

சூடாக இருந்தது.

கையை இழுத்துக்கொண்டாள். துணி, அவள் விரல் பட்ட இடத்தில், மெல்ல இந்தப் பக்கம் புடைத்தது. அடங்கியது. புடைத்தது.

திருப்பி வைத்துவிட்டால் போதும். அடக்கத்துக்கு முன் தொடக் கூடாதுதான், சிதோனி திட்டுவாள், திட்டட்டும். சட்டத்தின் ஓரத்தைப் பிடித்து இழுத்தாள். இரண்டு பேர் தூக்கியபோது இருந்ததைவிடக் கனம் குறைவாக இருந்தது. ஏதோ ஒன்றை எடுத்துவிட்டதுபோல. சுவருக்கும் படத்துக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி விட்டு, மெழுகுவர்த்தியை நீட்டி, எட்டிப் பார்த்தாள்.

படிகள் இருந்தன. கறுத்த தண்ணீர் இருந்தது. பாதி திறந்த கதவு இருந்தது. விளக்கு, படிமேல், லில்லிக்குப் பக்கத்தில், இறக்கி வைத்திருந்தது.

நிற்பதற்கு யாரும் இல்லை.

பின்வாங்கினாள். நாற்காலி காலில் தட்டியது. உட்கார்ந்தாள். கத்த வேண்டும் என்று நினைத்தாள்; அதற்குக்கூடக் கொஞ்சம் தெம்பு வேண்டியிருந்தது. சிதோனி வந்துவிடுவாள். காபி இறங்கியிருக்கும். ரொட்டி அறுத்துக்கொண்டிருப்பாள். இதோ செருப்புச் சத்தம். இல்லை. மெழுகுவர்த்தி சிடுசிடுத்தது. இமை இறங்கியது. தூக்கினாள். இறங்கியது.

ஒரே ஒரு நிமிஷம்.

மரச்சட்டம் நெட்டி முறித்தது.

தோளில் ஒரு கை. சூடான கை. எண்ணெய் வாசனை.

"எழுந்திரு," என்றது ஒரு குரல். அவளுடைய குரல். நன்றாகத் தூங்கி எழுந்தால் எப்படி இருக்குமோ அப்படி.

கண் திறந்தாள். அவளுடைய முகம்தான். முதல் குளிர்காலத்தில் ஸ்டூடியோவுக்குள் நுழைந்த முகம்; கண்ணுக்கடியில் கருப்பு விழாத முகம். நெற்றியில் மட்டும் குறுக்குக் கட்டையின் தடம்.

"நீதான் நின்னு பழகினவளாச்சே," என்றது அது, கோபமே இல்லாமல். "நகரு. நான் கொஞ்சம் உக்காந்துக்கறேன்."

கால்கள் எழுந்துகொண்டன. கூப்பிட்டால் எழுந்திருப்பது அவற்றுக்குப் பழகிப்போயிருந்தது.

கல். செருப்பைத் தாண்டி ஏறும் குளிர். கையில் விளக்கின் கனம். இரண்டு பக்கமும் கறுத்த தண்ணீர், அசையாமல். எதிரே பாதி திறந்த கதவு.

பின்னால், எங்கோ தூரத்தில், கதவு திறந்தது. காபி மணம்.

"தூங்கிட்டியாடி?"

"இல்ல. நல்லா முழிச்சுட்டேன்."

"ஆமாண்டி, மூஞ்சி தெளிஞ்சு கெடக்கு. ஊருக்கே போயிட்டு வந்தவ மாதிரி."

"பசிக்குது சிதோனி. ரொட்டியக் குடு."

மெல்லும் சத்தம் கேட்டது. கொலெட்டா கூப்பிட நினைத்தாள். லீவன் படத்துப் பெண்ணுக்கு ஒருநாளும் வாய் வரைந்ததில்லை. திரும்பிப் பார்க்க நினைத்தாள். கழுத்து கதவைப் பார்த்து வரையப்பட்டிருந்தது.

அடக்கம் முடிந்த மறுநாள் படங்களைத் திருப்பினார்கள். அவளுக்குப் பின்னால் வெளிச்சம் வந்தது, குளிராக.

"இவளுக்குக் கொஞ்சம் கூன் விழுந்த மாதிரி இல்ல?" என்றார் டோமியன். ஜின் வாசனை படத்துக்குள்ளேயே வந்தது.

"அவ எப்பவும் அப்படித்தான்," என்றது அவளுடைய குரல். "ரயிலுக்கு நேரமாச்சு. பெட்டியக் குடுங்க."

வாசல் கதவு சாத்தியது. பூட்டு விழுந்தது. வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. மணி இல்லை, இருமல் இல்லை, கஞ்சி இல்லை. தூங்க எல்லாம் சரியாக இருந்தது. படுக்க மட்டும் இடமில்லை.

நின்றாள்.

எதிரே, பாதி திறந்த கதவுக்குள்ளிருந்து காற்று வந்தது. பாதிரியார் சொன்ன நித்திய இளைப்பாற்றி அதில் இல்லை. கையுறைக்காரர் சொன்ன மரணமும் இல்லை. கற்பூர நெடிதான் இருந்தது.

டோமியன் சொன்னதுதான் சரி. உள்ளே ஆள் இருந்தது.

இரண்டு தரம் இருமியது.

பிறகு மணி அடித்தது.