இல்லாதவருக்கு ஊற்றிய தேநீர்

கோப்பை காலியாக இருந்தது.

அது காலியாக இருக்கக் கூடாது. தன் அப்பா, தான் எழுதிய நாவல்களின் துப்பறிவாளருக்காக அமைத்த அந்தச் சிறு அருங்காட்சியகத்தில், தினமும் காலையில் பெரியவர் தேநீர் போட்டு, பாதியைத் தானே குடித்து, மீதியை மேஜைமேல் வைப்பார். தலையணையைக் கையால் அமுக்கிக் குழி செய்வார். ஒரு சுருட்டைப் பற்றவைத்து, வாசனை பரவியதும் நசுக்கி வைப்பார். துப்பறிவாளர் இப்போதுதான் எழுந்து வெளியே போனார் என்று வருகிறவர்கள் நம்ப வேண்டும். அப்பா வகுத்த முறை. அப்பா போன பிறகும் ஒருநாள் தவறியதில்லை.

இன்று யாருமே வரவில்லை.

தங்கை தொலைபேசியில் அழைத்தாள். பொழுது சாய்கிறது, பூட்டிவிட்டு என் வீட்டுக்கு வாருங்கள் என்றாள். வேலை இருக்கிறது என்றார்.

"இல்லாத மனுஷனுக்கு டீ ஊத்தறீங்க. கூடப் பொறந்தவ வீட்ல ஒரு வாய் தண்ணி குடிக்க கௌரவம் தடுக்குதாண்ணா?" அவளே தொடர்ந்தாள். "அம்மாவுக்கு என்ன ஆச்சுன்னு மருமக கேக்கறா. என்ன சொல்லட்டும்?"

"காய்ச்சல்ல போயிட்டாங்கன்னு சொல்லு. நம்ம வீட்ல வேற பேச்சு கிடையாது."

வைத்துவிட்டார்.

அம்மா ஒரு மழைக்காலத்தில் காணாமல் போனாள். அந்த வாரமே அப்பா இந்த அறையின் சுவர் அலமாரியைத் தன் கையாலேயே செங்கல் வைத்து அடைத்துப் பூசினார். பிறகுதான் எழுத உட்கார்ந்தார். மகன் ஏன் என்று கேட்டதில்லை. கேட்காமல் இருப்பதும் மரியாதை என்றே வளர்ந்தார்.

சுருட்டு வாசனை காலையைவிடக் கனமாக, யாரோ மூச்சோடு கலந்து விட்டதுபோல் ஈரமாக, அறையில் தொங்கியது. தலையணைக் குழியைத் தொட்டார்.

சூடு.

தாங்கியில் எப்போதும் தொங்கும் துப்பறிவாளரின் கோட்டு இல்லை.

டொக்.

சுவரோரம் அந்தக் கோட்டை அணிந்த ஒருவர் முதுகு காட்டி நின்றிருந்தார். விரலை மடக்கித் தட்டினார். காதை வைத்துக் கேட்டார். ஓரடி நகர்ந்தார். மறுபடி தட்டினார். அவசரமே இல்லை. எடுத்ததை முடிக்காமல் போகாதவராகத்தான் அப்பா அவரைப் படைத்திருந்தார்.

அலமாரி இருந்த இடத்துக்கு இன்னும் ஓரடி.

பெரியவர் ஓடினார். அந்த இடத்தில் முதுகை அழுத்தி, கைகளை விரித்து நின்றார்.

"இது எங்க குடும்ப விஷயம். நீங்க போங்க."

கோட்டுக்காரர் கையை இறக்கினார். தலையைச் சாய்த்தார். எதையோ கேட்பதற்காக.

பெரியவரின் முதுகெலும்புக்குப் பின்னால், செங்கல்லின் உள்ளிருந்து, யாரோ விரலை மடக்கி மெதுவாகத் தட்டினார்கள்.