திரும்பிப் பார், அதெல்மோ!

"வீ...ல்!"

பார்மா நகர ஓபரா அரங்கில் ஒரு பெண் அலறினாள். தொடர்ந்து நூறு பேர் அலறினார்கள்.

மேடையில் ஒர்னெல்லா குப்புறக் கிடந்தாள். அசைவில்லை!

நாலடி முன்னால் அதெல்மோ பாடிக்கொண்டே இருந்தான். கதையிலும் அவள் கணவன். வீட்டிலும் அவள் கணவன்.

கிரேக்கப் புராணம். செத்த மனைவியைப் பாதாளத்திலிருந்து மீட்டு வருகிறான் கணவன். வழியில் திரும்பிப் பார்த்தால் அவள் மறுபடி சாவாள். புல்லாங்குழல் ஒலித்ததும் அவன் ஆசை தாங்காமல் திரும்ப வேண்டும்.

புல்லாங்குழல் ஒலித்தது. மூன்று தடவை ஒலித்தது.

அதெல்மோ திரும்பவில்லை!

ஒருவழியாக இசை நின்றது. திரையை இறக்க வேண்டியவன் வாயைப் பிளந்து நின்றான். முதல் வரிசையிலிருந்து ஒரு குண்டு மனிதர் மூச்சிரைக்க மேடையேறினார். ஒர்னெல்லாவின் நாடியைப் பிடித்து உதட்டைப் பிதுக்கினார்.

"இன்ஸ்பெக்டர் கிரெத்தி. அப்படியே நில்லுங்க ஸார். உங்க மனைவி போயாச்சு."

"ஐயோ... ஒர்னெல்லா!" அதெல்மோ முகத்தைப் பொத்திக்கொண்டான். அப்போதும் திரும்பவில்லை.

"இத்தனை பேர் அலறினது காதுல விழலையா?"

"விழுந்துச்சு! மேல் காலரிக்காரங்க வழக்கம்போல என்னைத்தான் திட்டறாங்கன்னு நினைச்சேன். பதினோரு வருஷமா இந்த ஊர்ல அவளுக்குப் பூ, எனக்கு ஊளை!"

"நியாயம்தான்!" என்றது மேல் காலரி.

"சரி... புல்லாங்குழல்?"

"பதற்றத்துல... மறந்துட்டேன்."

"நேத்து ஒத்திகையில குழல்காரர் ஊதறதுக்கு முந்தியே திரும்பிட்டீங்களாமே? டைரக்டர் தலையில அடிச்சுக்கிட்டாராம். இன்னிக்கு மட்டும் என்ன... பின்னாடி எதைப் பார்க்கப் போறோம்னு முன்னாடியே தெரியுமோ?"

"அபாண்டம்! நான் அவளை உயிரா நேசிச்சேன்!"

"அதை என் முகத்தைப் பார்த்துச் சொல்லு அதெல்மோ."

இது இன்ஸ்பெக்டரின் குரல் இல்லை!

திரும்பினான்.

ஒர்னெல்லா எழுந்து நின்றிருந்தாள். கண்கள் கலங்கியிருந்தன.

"நீ... அந்த டீயைக் குடிச்சியே!"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்தான்.

"எந்த டீ ஸார்? நான் கேக்கவே இல்லையே!" கிரெத்தி கைவிலங்கை எடுத்தார். "மத்தியானம் நீங்க போட்டுக் கொடுத்த தேன் டீயில ஏதோ வாசனைன்னு மேடம் குடிச்ச மாதிரி நடிச்சுட்டு நேரா ஸ்டேஷனுக்குக் கொண்டுவந்துட்டாங்க. இல்லேன்னா ஓபராவுல எனக்கென்ன வேலை?"

"விஷம்னு ரிப்போர்ட் வந்தப்பகூட நான் நம்பலை," ஒர்னெல்லாவின் குரல் உடைந்தது. "விழுந்து பார்த்தேன். நீ திரும்பியிருந்தா புகாரைக் கிழிச்சுப் போட்டிருப்பேன்டா பாவி!"

கைவிலங்கு 'க்ளிக்' என்றது.

அடுத்த விநாடி... அரங்கம் அதிர்ந்தது. மேல் காலரி மொத்தமும் எழுந்து நின்று கைதட்டியது!

கிரெத்தி அவன் தோளைத் தட்டினார்.

"பதினோரு வருஷத்துல முதல் கைதட்டல் ஸார்! இப்பவாவது திரும்பி ஒரு கும்பிடு போட்டுட்டு வாங்க!"