திங்கட்கிழமைக் காய்ச்சல்

திங்கட்கிழமை காலை அவருக்கு மறுபடியும் காய்ச்சல். மூச்சு இரைத்தது, நெஞ்சுக்குள் ஏதோ கொதிப்பதுபோல் சத்தம். பக்கவாதம் வந்து பேச்சு குழறிப்போன பிறகு இது மூன்றாம் முறை. எல்லாமே திங்கட்கிழமைகள்.

டாக்டரம்மா எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்தார். "வலது நுரையீரல், அடிப்பக்கம். போன தடவையும் இதே இடம். சாப்பாடு வழிதவறி மூச்சுக்குழாய்க்குள்ள போகுது. மருந்து ஏத்தி இதைச் சரி பண்ணிடலாம். ஏன் போகுதுன்னு கண்டுபிடிக்கலைன்னா, இன்னொரு தடவை தாங்கமாட்டார்."

மனைவியின் பார்வை வீட்டு நர்ஸ் மேல் பாய்ந்தது. சிரிப்பதற்கும் கூலி கேட்கிற முகம் அந்த நர்ஸுக்கு.

"படுக்க வச்சு ஊட்டினியா?"

"நிமிர்த்தி உட்கார வச்சுத்தான்க்கா."

"தண்ணி?"

"பொடி கலந்து, கெட்டியாக்கி."

"வாயைச் சுத்தம் பண்ணுனியா?"

"ரெண்டு வேளையும்."

டாக்டரம்மா குறுக்கிட்டார். "ஞாயித்துக்கிழமை ஊட்டுறது யாரு?"

"அன்னைக்கு எனக்கு லீவு. அக்காதான்."

"நான் கட்டினவ!" என்றாள் மனைவி. "இவ செய்யற எல்லாத்தையும்தான் நானும் செய்யறேன்."

காய்ச்சல் இறங்கியதும், டாக்டரம்மாவே பேசாமல் நாலு கரண்டி கூழ் ஊட்டினார். இருமலே இல்லை. "இப்ப நீங்க. வீட்டுல எப்படியோ, அப்படியே."

மனைவி சின்னக் கரண்டியில்தான் ஊட்டினாள்; அவரும் நிமிர்ந்து உட்கார்ந்து, முகவாயைத் தாழ்த்தியிருந்தார். குறை சொல்ல ஒன்றுமில்லை.

"நல்லா இருக்கா?"

"ம்... ந...ல்..." வாய் நிறையக் கூழோடு அவர் முனகினார். அவள் முகம் மலர்ந்தது.

"உப்பு போதுமா?"

"போ..." இருமல். குரல் ஈரமாய்க் கரகரத்தது.

"நிறுத்துங்க. உங்க கேள்விதான் குற்றவாளி," என்றார் டாக்டரம்மா. "முழுங்கும்போது மூச்சுவழி மூடணும். பேசினா திறந்துக்கும். இவருக்கு அது மெதுவாத்தான் மூடுது. இந்தப் பொண்ணு வாயைத் திறக்கமாட்டா. ஆறு நாளும் அவர் தப்பிச்சது அதனாலதான்."

"நல்லவேளை, நான் சிடுமூஞ்சி," என்றாள் நர்ஸ்.

மனைவி சிரிக்கவில்லை. "டாக்டர், ஊட்டும்போது மட்டும்தான் இவர் எனக்குப் பதில் சொல்றார். மத்த நேரமெல்லாம் சுவரையே பார்த்துக்கிட்டு இருப்பார். அந்த ஒரு 'ம்'முக்காக வாரம் பூரா காத்துக்கிட்டு இருப்பேன்."

டாக்டரம்மா கூழ்க் கிண்ணத்தை அவள் கையிலிருந்து வாங்கி வைத்தார். பிறகு, "வாய் காலியானதும் கேளுங்கம்மா," என்றார்.

வீடு திரும்பிய பின் வந்த ஞாயிறன்று, உதட்டைக் கடித்துக்கொண்டு ஊட்டி முடித்தாள். வாயைத் துடைத்துவிட்டு, உள்ளே காலியா என்று பார்த்துவிட்டு, "நல்லா இருக்கா?" என்று கேட்டாள். அவர் சுவரைப் பார்த்தார்.

மறுநாள் நெற்றியில் கை வைத்தாள். காய்ச்சல் இல்லை; மூச்சும் சீராக வந்தது. கையை எடுக்காமல், மெல்ல, இன்னொரு தடவை கேட்டாள்.