நாலாம் நிலையம் பேசுகிறது

அன்றைக்குக் கோழி கூவவில்லை.

மற்ற நாட்களில் நாலாம் நிலையத்திலிருந்து அழைப்பு வந்தால் அமிர்தநாதருக்கு முன்னால் அவருடைய சேவல்தான் பேசும். அங்கே, இலங்கையில், விடிய ஆறு மணி. இங்கே, ரொறன்ரோவின் அஜின்கோர்ட்டில், முதல்நாள் இரவு ஏழரை. செய்மதித் தொலைபேசியின் இரைச்சல், இரைச்சலுக்குள் ஒரு சேவல், அதற்குப் பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு ஓய்வுபெற்ற தபாலதிபர் அமிர்தநாதர் வருவார். அந்தத் திங்கட்கிழமை இரைச்சலும் இல்லை, சேவலும் இல்லை. பக்கத்து அறையிலிருந்து பேசுவதுபோல் குரல் மட்டும் தெளிவாக வந்தது.

"நாலாம் நிலையம், பிள்ளை. எழுதும்."

அழைப்பை எடுத்த சந்திரவதனாவுக்கு வந்த சந்தோசத்தில் கோழியாவது ஒன்றாவது! நாலு நாளாக அந்த நிலையம் வாய் திறக்கவில்லை. நாலு நாளாக அவளுக்குச் சோறும் இறங்கவில்லை.

"ஐயா! சுகமா இருக்கிறியளோ? பற்றரி போட்டுதெண்டு நினைச்சன். வியாழக்கிழமை ஏன் எடுக்கேல்ல?"

"எழுதும், பிள்ளை. பாதை திறந்து கிடக்கு. வாகனம் இல்லை. நடந்து போறது அறுபத்திமூண்டு பேர்."

அவள் எழுதினாள். அறுபத்து மூன்று. அவளுக்குத் தெரிந்த எண்தான்.

"எந்தப் பக்கமாப் போகினம், ஐயா?"

"வடக்கால."

பேனா நின்றது. அந்தப் பாதையில் சனம் தெற்கேதான் போகும். வடக்கே போனால் ஊர், ஊர் முடிந்தால் கடல்.

"வடக்கால கடலெல்லோ, ஐயா?"

"ஓம். கடல் தாண்டியாச்சு," என்றார் அமிர்தநாதர். "வியாழக்கிழமை நான் ஒண்டும் சொல்லேல்ல, பிள்ளை. நீர்தானே எழுதினது."

தொடர்பு அறுந்தது. கீழேயிருந்த ரோல்ஸ் பொரிக்கிற கடையின் எண்ணெய் மணம் படியேறி வந்துகொண்டிருந்தது. சுவரோரத்துச் சூடாக்கி டிக் டிக் என்று சூடேறியது. ஆனால் அவளுக்குக் கை விறைத்துவிட்டது. வியாழக்கிழமை அவள் செய்தது இந்த உலகத்தில் அவளைத் தவிர ஒருவருக்கும் தெரியாது.

அந்தக் குளிர்காலத்தில் ஊரில் சண்டை நின்றிருந்தது. நின்றதென்று இரண்டு பக்கமும் கையெழுத்துப் போட்டிருந்தன என்று சொல்வதுதான் சரி. சனம் வெளியே வர ஒரே பாதை, இருபத்து மூன்று மைல், இரண்டு பக்கமும் காடு. அதில் ஐந்து அவதானிப்பு நிலையங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு வெள்ளைக் கொடி, ஒரு தொலைபேசி, நம்பிக்கையான ஒரு ஆள். கொழும்பில் தொலைபேசிகளுக்கு ஒட்டுக்கேட்கிற காது அதிகம் என்று, ஐந்து நிலையங்களும் நேரே ரொறன்ரோவுக்குத்தான் பேசும். ஷெப்பர்ட் வீதியில், ஒரு பிளாசாவின் மேல்மாடியில், இரண்டு மேசையும் ஒரு ஃபாக்ஸ் இயந்திரமும் உள்ள அறை. சந்திரவதனா ஐந்து குரலையும் கேட்டு, தாளில் எழுதி, "திறப்பு" அல்லது "பூட்டு" என்று அடையாளமிட்டு அனுப்புவாள். அந்தத் தாளின்படிதான் மூன்றாம் நிலையத்தில் பாதையை மறித்த தடியைத் தூக்குவார்கள். சட்டம் ஒன்றே ஒன்றுதான்: குரல் வராவிட்டால் பாதை பூட்டு.

வியாழக்கிழமை நாலாம் நிலையத்தின் குரல் வரவில்லை.

ஆனால் மூன்றாம் நிலையத்தில் அவளுடைய கணவன் பத்மநாதன் நின்றான். ஐந்து வருசம் காத்திருந்து, கனடாக் கடிதம் வந்து, திங்கட்கிழமை கொழும்பில் விசா நேர்முகம். தவறவிட்டால் இன்னும் எத்தனை வருசமோ. நிலையத்துக்காரர் இரக்கப்பட்டு அரை நிமிடம் போனைக் கொடுத்தார். "வதனா, பாதை எப்பிடி?" என்று கேட்டான். அமிர்தநாதரின் பற்றரி முன்னமும் இரண்டு தரம் படுத்திருக்கிறது. அப்போதெல்லாம் பாதைக்கு ஒன்றும் வரவில்லை. இதையெல்லாம் அவள் ஒரு மூச்சில் நினைத்தாள். "இஞ்சாருங்கோ, திறந்திருக்கு. பயப்பிடாமல் வாங்கோ," என்றாள். புதன்கிழமைத் தாளைப் பார்த்து நாலாம் நிலையத்தின் வரியை அப்படியே எழுதினாள்.

அன்று தடி தூக்கப்பட்டது. அறுபத்து மூன்று பேர் நடந்தார்கள். ஐந்தாம் நிலையத்துக்கு ஒருவரும் வந்து சேரவில்லை.

செவ்வாய்க்கிழமை அவள் வேலைக்கு வந்தபோது, தட்டச்சு வேலை பார்க்கும் கிளடிஸ் ஒரு ஃபாக்ஸைக் கையில் பிடித்தபடி கதிரை நுனியில் இருந்தாள். கண் சிவந்திருந்தது.

"வதனா, நாலாம் நிலையத்தை எரிச்சுப்போட்டாங்களாம். ஆரெண்டு தெரியாதாம். அமிர்தநாதர் ஐயாவை அதுக்குள்ளதான் கண்டெடுத்தவையாம்." சிலுவைக்குறி போட்டுக்கொண்டாள். "போன கிழமை, எங்கட நேரத்துக்குப் புதன் ராத்திரி."

"புதனோ?"

"புதன். பாதையெல்லாம் கண்ணிவெடி. உள்ளுக்குப் போய்ச் சனத்தைத் தேடேலாதாம். இன்னுமொண்டு கேட்டிருக்கினம். வியாழக்கிழமை நாலாம் நிலையத்தின்ர செய்தியை எடுத்தது ஆரெண்டு."

சந்திரவதனா இழுப்பறையைத் திறந்தாள். திங்கட்கிழமைத் தாளை எடுத்து மேசையில் வைத்தாள். முதல்நாள் இரவு அவர் சொல்லச் சொல்ல எழுதிய அவளுடைய கையெழுத்து. நாலாம் நிலையம், திறப்பு, அறுபத்து மூன்று. கிளடிஸ் அதைப் படித்தாள், இன்னொரு தரம் படித்தாள், பிறகு எழுந்து கோட்டை மாட்டினாள்.

"இண்டைக்கு அந்த ஃபோனை எடுக்காதையும். என்னோட வாரும், போவம்."

"நீங்கள் போங்கோ, அக்கா."

ஏழரைக்கு மணி அடித்தது. எடுக்காமல் இருந்திருக்கலாம். ஆனால் அறுபத்து மூன்று தலைகளில் ஒன்று பத்மநாதனுடையது. செத்தவர் பேசினால் என்ன, உயிரோடு இருப்பவர் பேசினால் என்ன, அவனைப் பற்றி ஒரு சொல் சொல்லமாட்டாரா என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. எடுத்தாள்.

"நாலாம் நிலையம், பிள்ளை. எழுதும். அறுபத்திமூண்டு பேர். நிலம் வெள்ளையாக் கிடக்கு. ஒருத்தருக்கும் காலில செருப்பில்லை."

அவள் எழுதவில்லை. காதோடு ஒட்டிப் பிடித்திருந்தாள். குரலுக்குப் பின்னால் சத்தம் கேட்டது. நறுக், நறுக். இந்த நாட்டுக்கு வந்த பிறகு அவள் பழகிய சத்தம். உறைந்த பனியில் ஆட்கள் நடக்கிற சத்தம். பலபேர் நடந்தும் பேச்சில்லை, இருமல் இல்லை, ஒரு பிள்ளை அழவில்லை.

"ஒரு ரயில் தண்டவாளம் தாண்டினம். அங்கால பெற்றோல் செட். விளக்குச் சிவப்பாகுது, பச்சையாகுது. சந்தியில ஒரு குருவி இல்லை."

அந்தத் தண்டவாளம் அவளுக்குத் தெரியும். ஒரு மணி நேரத்துக்கு முன் அவளுடைய பஸ் அதைத்தான் தாண்டி வந்தது. அலுவலகத்திலிருந்து பத்து நிமிட நடை.

"ஐயா, அதில பத்மநாதன் எண்டு... என்ர அவர்... இருக்கிறாரோ?"

"நான் பேர் எழுதுறேல்ல, பிள்ளை. தலை எண்ணுறது மட்டுந்தான். அது நீங்கள் போட்ட சட்டம்."

அந்த இரவு அவள் டாக்ஸி பிடித்து வீட்டுக்குப் போனாள். வழி முழுக்கக் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள்.

புதன்கிழமை கிளடிஸ் வரவில்லை. விடியவிருந்து பனி கொட்டி மத்தியானம்தான் ஓய்ந்திருந்தது. பஸ் தரிப்பிடத்திலிருந்து பிளாசாவின் பின்பக்க வெளியைக் குறுக்காகக் கடந்து வந்தபோது, அந்த வெள்ளைப் பரப்பில் வேறு ஒரு சுவடும் இல்லை. பயத்தில் பூட்ஸைக் கழற்றவும் மறந்து, மேல்மாடிக் கதவைப் பூட்டி, தாழ்ப்பாளும் போட்டு, நேரே கதிரைக்குப் போனாள். கம்பளத்தில் அவளுடைய ஈர அடிகள் கதவிலிருந்து மேசைவரை பதிந்து, சூட்டில் மெல்ல மெல்லக் காய்ந்தன. கீழே ரோல்ஸ் கடைக்காரர் பனிக்குப் பயந்து நேரத்தோடு பூட்டிக்கொண்டு போய்விட்டார். எண்ணெய் மணம் இல்லை. வேறு ஒரு மணம் இருந்தது, ஈர மண்ணும் வெடிமருந்தும் கலந்தது. அது எங்கிருந்து வருகிறதென்று தேட அவளுக்குத் துணிவில்லை.

ஏழரை.

"நாலாம் நிலையம், பிள்ளை. உங்கட கட்டடத்துக்குப் பின்னால நிக்கினம்."

யன்னல் அவளுக்குப் பக்கத்தில்தான். கம்பத்து விளக்கின் கீழ் வெளி முழுக்க வெள்ளை. ஒருவரும் இல்லை.

"ஒருத்தரையும் காணேல்ல, ஐயா."

"நிக்கினம். பாதை திறந்திருக்கோ எண்டு கேக்கினம். நீர் சொன்னால்தான் வருவினம்."

ஒரு சொல் போதும். பூட்டு. அதைச் சொல்லத்தான் அவளை இங்கே இருத்தியிருந்தார்கள். சொல்லியிருப்பாள். நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"முன்னுக்கு ஒராள் வாறார், பிள்ளை. வியாழக்கிழமை தொடக்கம் அவர்தான் முன்னுக்கு. 'என்ர மனிசி பாதை திறந்திருக்கெண்டு சொன்னவ, பயப்பிடாமல் வாங்கோ' எண்டு சனத்துக்குச் சொல்லிச் சொல்லித்தான் நடந்தவர்."

ஐந்து வருசம். முன்னால் நடந்திருக்கிறான். அவளை நம்பி முன்னால் நடந்திருக்கிறான். இப்போது பூட்டு என்றால் அவன் அந்தப் பனியிலேயே நிற்பான். எந்தக் காலத்திலும் உள்ளே வரமாட்டான்.

"திறந்திருக்கு," என்றாள். "வரச் சொல்லுங்கோ."

"நல்லது. கண்ணிவெடிக்குப் பயந்த சனம், பிள்ளை. ஆரோ நடந்த அடி கிடந்தால் அதிலதான் காலை வைக்கும். இப்ப முன்னால கிடக்கிறது உம்மட அடி."

அவள் யன்னலில் நெற்றியை வைத்துப் பார்த்தாள். பஸ் தரிப்பிடத்திலிருந்து வந்த அவளுடைய பூட்ஸ் சுவடுகள் வரிசையாகக் கிடந்தன. முதலாவது சுவட்டின் உள்ளே பனி அமிழ்ந்தது. நுனியில் ஐந்து சின்னப் பள்ளங்கள். விரல்கள்.

அடுத்த சுவடு அப்படியே கிடந்தது.

அதற்கடுத்தது அமிழ்ந்தது. அதற்கடுத்தது அப்படியே கிடந்தது.

இடது கால். இடது கால். இடது கால் மட்டும்.

வலது கால் எங்கே என்று நினைத்தவுடனேயே அவளுக்கு விளங்கிவிட்டது. கண்ணிவெடி. முன்னால் நடந்தவன்.

"ஐயா! பூட்டு! பாதை பூட்டு எண்டு சொல்லுங்கோ!"

"சொன்னாப் பிறகு மாத்தேலாது, பிள்ளை. வியாழக்கிழமை சொன்னதை மாத்தினனீரோ?"

கீழ்க்கதவு திறந்த சத்தம் இல்லை. ஆனால் படி கேட்டது. ஒரு அடி. பிறகு ஏதோ இழுபட்டது. ஒரு அடி. இழுபட்டது. அவசரமில்லை. பதினாறு படி. அவளை அறியாமல் எண்ணினாள்.

பதினாறு.

தாழ்ப்பாள் அசையவில்லை. கதவு பூட்டியபடியே இருந்தது. கதவுக்கு உள்ளே, காய்ந்து போயிருந்த அவளுடைய இடது அடி ஒன்று மறுபடி ஈரமானது. ஐந்து விரல்.

அடுத்தது.

அடுத்தது.

கத்த நினைத்தாள். காற்றுத்தான் வந்தது. பூட்ஸ் கால்கள் இரண்டையும் கதிரைமேல் தூக்கிக் கட்டிக்கொண்டாள். மேசையைச் சுற்றி வந்த ஈரம், கதிரைக்கு முன்னால், அவள் சற்று முன்புவரை கால் வைத்திருந்த இடத்தில் நின்றது. ஒரு இடது பாதம். அதன் பக்கத்தில், மற்றக் கால் இருக்கவேண்டிய இடத்தில், மேலேயிருந்து சொட்டுச் சொட்டாகக் கறுப்பாக விழுந்துகொண்டிருந்தது.

"ஒண்டு," என்றார் அமிர்தநாதர் காதுக்குள்.

வெளியே படியில் அடுத்த ஆளின் கால் ஏறியது. அதற்குப் பின்னால், கீழே வெளிவரைக்கும், சனம் தன் முறைக்குக் காத்து நிற்கிற அமைதி.

கம்பளத்தில் அந்த ஐந்து விரல்களும் அழுந்தின. குதிக்கால் மெல்ல எழும்பியது. ஒற்றைக் காலில் நிற்பவர் முன்னுக்குச் சரியும்போது அப்படித்தான் எழும்பும். விழாமலிருக்கப் பிடிக்க ஏதாவது வேண்டும்.

அவளுடைய தோளை, பழகிய ஒரு கை, முழுப் பாரத்தையும் போட்டுப் பிடித்துக்கொண்டது.